ஆறாம் அத்தியாயம்: இரண்டு வக்கீல், ஒரு ஃபைல்

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட மகனோ மகளோ அம்மா அப்பாவைக் கூப்பிடும் குடும்பங்கள், அண்ணனோ அக்காவோ மனுப் போட்டுவிட்டதால் வருடக்கணக்காகக் காத்திருக்கும் தம்பி தங்கைகள், கல்யாணம் முடிந்து கணவனிடமோ மனைவியிடமோ போய்ச் சேரவேண்டியவர்கள்: இந்த அத்தியாயம் இவர்களுக்கானது. வேலை விசாவும் மாணவர் விசாவும் வேறு கணக்கு. இங்கே பேசுவது போய்த் தங்கிவிடுவதற்கான விசா, அதாவது குடியேற்ற விசா. கையில் அது இருந்தால் விமானம் இறங்கியதும் கிரீன் கார்டு உரிமை வந்துவிடும்.

திருத்தணியில் இதைத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "நல்ல லாயர் யாராவது தெரியுமா?" என்றுதான். லாயர் வேண்டும்தான். ஆனால் அமெரிக்காவில் உட்கார்ந்திருக்கும் லாயருக்குத் தெரியாத ஒரு சட்டம் நம் வீட்டு பீரோவில் இருக்கிறது. பிறப்புப் பதிவு, பள்ளி டி.சி., கல்யாணப் பதிவு, இனிஷியல், வீட்டுப் பெயர், ஊர் எந்த மாவட்டத்தில் இருந்தது என்பதெல்லாம் அவருக்குப் புரியாது. நம் ஊர் கோர்ட் வளாகத்தில் இருக்கும் வக்கீலுக்கு இவை அத்துப்படி, ஆனால் அமெரிக்கச் சட்டம் தெரியாது. இந்த வேலைக்கு இரண்டு வக்கீல்கள் வேண்டும், நடுவில் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஆள் நீங்கள்தான்.

லாயர் எப்போது வேண்டும்

அமெரிக்கக் குடிமகனான, 21 வயது தாண்டிய மகன் தன் அம்மாவுக்குப் போடும் மனு எளிமையானது. ஐ-130 என்ற படிவம். அப்பாவுக்குத் தனி, அம்மாவுக்குத் தனி. 2024 ஏப்ரலில் மாறிய கட்டணப்படி இணையத்தில் போட்டால் 625 டாலர், காகிதத்தில் போட்டால் 675. பிறப்புச் சான்று சுத்தமாக, பெயர்கள் எல்லா இடத்திலும் ஒன்றாக, முன்பு விசா மறுப்பு எதுவும் இல்லாமல் இருந்தால் லாயர் இல்லாமலே பிள்ளைகள் இதைச் செய்துமுடிக்கிறார்கள். லாயர் கட்டணத்தை மிச்சம் பிடிக்கலாம் என்பதே என் கருத்து.

லாயர் கட்டாயம் தேவைப்படும் இடங்கள் வேறு. முன்பு சுற்றுலா விசாவில் போய்க் கெடு தாண்டித் தங்கியவர்கள், எப்போதாவது விசாப் படிவத்தில் பொய் எழுதியவர்கள், போலீஸ் கேஸ் உள்ளவர்கள், முதல் தாரம் இரண்டாம் தாரம் என்று குடும்பக் கணக்கு சிக்கலானவர்கள், தத்துப் பிள்ளைகள், 21 வயதை நெருங்கும் பிள்ளையுடன் காத்திருப்பவர்கள். இதில் ஏதாவது ஒன்று இருந்தால், மனு போடுமுன்பே லாயரிடம் போக வேண்டும். மறுத்த பிறகு போனால் அவர் கையில் பெரிதாக ஒன்றும் இருக்காது. தூதரக அதிகாரி விசா மறுத்தால் அமெரிக்க நீதிமன்றங்கள் பொதுவாக அதில் தலையிடுவதில்லை. 2024 ஜூனில் முன்யோஸ் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இதை மறுபடி உறுதிசெய்தது. கணவனுக்கு விசா மறுக்கப்பட்ட ஓர் அமெரிக்கக் குடிமகள் போட்ட வழக்கு அது. துணையை நாட்டுக்குள் அழைத்துவருவது குடிமக்களின் அடிப்படை உரிமை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மேல்முறையீடு செய்து பார்த்துக்கொள்ளலாம் என்கிற நம் ஊர் நினைப்பு அங்கே எடுபடாது.

தத்து விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சித்தப்பா பிள்ளையை வாயளவில் தத்தெடுத்து வளர்ப்பது நம் வழக்கம். அமெரிக்கச் சட்டத்துக்குப் பிள்ளை பொதுவாக 16 வயதுக்குள் சட்டப்படித் தத்தெடுக்கப்பட்டிருக்க வேண்டும், இரண்டு வருடமாவது பெற்றோரின் பொறுப்பில் கூடவே வாழ்ந்திருக்க வேண்டும். 17 வயதில் பதிவுசெய்த தத்துப் பத்திரம் இங்கே சொத்துக்கு உதவலாம், அங்கே உதவாது.

ஊர் நகரவில்லை, மாவட்டம் நகர்ந்தது

திருத்தணிக்காரர்களுக்கு மட்டுமே உள்ள தலைவலி இது. வேறு ஊர் வழிகாட்டிகளில் இதைப் பார்க்க முடியாது.

1911-ல் சித்தூர் மாவட்டம் உருவானபோது, அதுவரை வட ஆற்காட்டில் இருந்த திருத்தணி அதில் சேர்ந்தது. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூரோடு திருத்தணியும் அந்தப் பக்கம் போயிற்று. ம.பொ.சி. முதலானோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், எல்லை குறித்த படாஸ்கர் தீர்ப்பு, 1959-ல் எல்லை மாற்றச் சட்டம் என்று நடந்து, 1960 ஏப்ரல் 1-ல்தான் சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது, அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில். 1997-ல் திருவள்ளூர் தனி மாவட்டமானது. ஆக, 1957-ல் திருத்தணியில் பிறந்த உங்கள் அம்மா பிறந்த இடம் அன்றைக்கு ஆந்திரப் பிரதேசம், சித்தூர் மாவட்டம். அவர் ஓர் அடிகூட நகராமலே மாநிலம் மாறியவர்.

பழைய பள்ளிச் சான்றில் "சித்தூர் ஜில்லா" என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் "திருத்தணி, தமிழ்நாடு" என்று இருக்கும், ரேஷன் கார்டில் திருவள்ளூர். நேர்காணல் நடக்கும் மும்பை அமெரிக்கத் தூதரகத்தில் ஃபைலைப் பார்க்கும் அதிகாரிக்கு இது மூன்று ஊர். ஏதோ ஒரு காகிதம் பொய் என்று அவர் நினைத்தால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

இதற்காக யாரும் பழைய சான்றைத் திருத்தப் போகாதீர்கள். காகிதம் சொல்வது உண்மை, அதை விளக்கினால் போதும். எந்த வருடம் எந்த மாவட்டம், எந்தச் சட்டத்தால் மாறியது என்று அரைப்பக்கம் ஆங்கிலத்தில் எழுதி, 1959-ம் ஆண்டின் ஆந்திரப் பிரதேசம்–சென்னை எல்லை மாற்றச் சட்டத்தின் நகலை அதோடு இணைத்து அமெரிக்க லாயருக்கு அனுப்புங்கள். அவர் தன் கடிதத்தோடு சேர்த்துவிடுவார். லாயர் இல்லாதவர்கள் தாங்களே ஃபைலில் வைக்கலாம்.

ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்திலும் இப்படி ஒரு தொல்லை உண்டு. 'ஹெச்' போட்டு ஒன்று, போடாமல் ஒன்று, இரண்டு 'டி' வைத்து ஒன்று. பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள். அழகான எழுத்துக்கூட்டலைத் தேடாதீர்கள்.

நகரி, புத்தூர்ப் பக்கம் பள்ளியில் படித்தவர்கள், அங்கே பிரசவத்துக்குப் போய்ப் பிறந்தவர்கள் ஆந்திரப் பக்கத்துப் பதிவேட்டைத்தான் தேட வேண்டும். 2022-ல் திருப்பதி மாவட்டம் பிரிந்தபின் அங்கேயும் சில ஊர்கள் மாவட்டம் மாறிவிட்டன. தெலுங்கில் உள்ள சான்று என்றால் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்த்தவர் தனக்கு இரண்டு மொழியும் தெரியும், பெயர்ப்பு முழுமையானது, சரியானது என்று எழுதிக் கையெழுத்து, பெயர், தேதி போட்டிருக்க வேண்டும். பத்திரம் எழுதுகிறவரிடம் வாங்கும் சுருக்க மொழிபெயர்ப்பு போதாது. முத்திரையில் உள்ள எழுத்துக்கூட மொழிபெயர்க்கப்பட வேண்டும்.

இனிஷியல், வீட்டுப் பெயர், எஃப்.என்.யூ.

டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்த ஊர் நம்முடையது. சர்வபள்ளி என்பது அவருடைய குடும்பப் பெயர். தெலுங்குக் குடும்ப வழக்கப்படி அது முன்னால் நிற்கிறது. அவர் மகனான வரலாற்றாசிரியர் கோபாலுக்கும் முன்னால் சர்வபள்ளிதான். அமெரிக்கப் படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் சர்வபள்ளி, சொந்தப் பெயர் என்ற கட்டத்தில் ராதாகிருஷ்ணன் என்று சிக்கல் இல்லாமல் நிரப்பிவிடலாம்.

அடுத்த தெருத் தமிழ்க் குடும்பத்தில் இது நடக்காது. கே. முனுசாமி என்றால் 'கே' அப்பா பெயர் கண்ணன். முனுசாமியின் மகன் எம். குமார். அமெரிக்காவுக்குப் போன குமார் அங்கே முனுசாமியைக் குடும்பப் பெயராக்கிவிட்டான். அவன் பிள்ளைக்கும் முனுசாமியே ஒட்டிக்கொண்டது. இப்போது அவன் அப்பாவுக்கு மனுப் போடும்போது, அப்பாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி, சொந்தப் பெயர் கட்டத்தில் முனுசாமி. அமெரிக்கர்கள் காலிக் கட்டத்தை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். முனுசாமியைக் குடும்பப் பெயராக்கி, சொந்தப் பெயர் இருக்கும் இடத்தில் எஃப்.என்.யூ. என்று போடுவார்கள். "முதல் பெயர் தெரியவில்லை" என்பதன் மூன்றெழுத்து. கிரீன் கார்டு, சோஷியல் செக்யூரிட்டி, மருந்துக்கடைச் சீட்டு எல்லாவற்றிலும் பெரியவர் எஃப்.என்.யூ. முனுசாமி ஆகிவிடுவார். டாக்டர் ஆபீசில் "ஃபனூ!" என்று கூப்பிடுவார்கள், இவர் யாரையோ என்று உட்கார்ந்திருப்பார்.

இதைத் தவிர்க்க ஒரே வழி, மனு போடுமுன் பாஸ்போர்ட்டில் பெயரை இரண்டாகப் பிரித்து மறுவெளியீடு வாங்குவது: சொந்தப் பெயர் முனுசாமி, குடும்பப் பெயர் கண்ணன். இனிஷியலை விரித்து எழுதுவது பெயர் மாற்றமாகாது என்று பலர் நினைக்கிறார்கள். பாஸ்போர்ட் அலுவலகம் ஆதாரம் கேட்கும். ஆதார் அட்டையில் முதலில் விரித்துக்கொண்டு போனால் வேலை எளிது. முழுப் பெயர் மாற்றம் என்றால் தமிழ்நாடு அரசிதழ் வழியாகத்தான். அதை உள்ளூர் வக்கீலிடம் விடலாம்.

மனு போட்ட பிறகு, நடுவழியில் மட்டும் பெயரை மாற்றாதீர்கள். மாற்றியே ஆகவேண்டும் என்றால் அன்றைக்கே அமெரிக்க லாயருக்குத் தெரிவியுங்கள்.

பிறப்புச் சான்று இல்லாதவர்கள்

பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ல் வந்தது, 1970 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. அதற்கு முன் வீட்டில் பிறந்தவர்களில் பதிவில்லாதவர்கள் ஏராளம். பதிவாகியிருந்தாலும் "ஆண் குழந்தை" என்று மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. இது அமெரிக்கத் தூதரகத்துக்குத் தெரிந்த விஷயம்தான், அதற்கு மாற்று வழியும் வைத்திருக்கிறார்கள். பதிவேட்டில் தேடினோம், இல்லை என்று பதிவாளர் தரும் சான்று ஒன்று. அதனுடன் துணை ஆதாரங்கள்: பள்ளி டி.சி., எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், பெற்றோரோ மூத்த உறவினரோ தரும் அபிடவிட்.

இங்கேதான் பலர் குறுக்கு வழியில் இறங்குகிறார்கள். "கோட்டாட்சியர் ஆர்டர் வாங்கி இப்போ புதுசாப் பதிஞ்சு குடுத்துடறேன் சார்" என்று யாராவது சொல்வார்கள். தாமதப் பதிவு சட்டத்தில் உள்ளதுதான், தவறில்லை. ஆனால் 1955-ல் பிறந்தவருக்கு 2025-ல், மனு போடுவதற்கு இரண்டு மாதம் முன்னால் பதிவான சான்றைப் பார்த்தால் அதிகாரி அதை அப்படியே நம்ப மாட்டார், எப்படியும் பழைய ஆதாரத்தைக் கேட்பார். ஆகவே பழைய ஆதாரத்தை முதலிலேயே சேர்த்துவிடுங்கள். டி.சி. தொலைந்திருந்தால் பள்ளியில் சேர்க்கைப் பதிவேடு இருக்கும். தலைமையாசிரியரிடம் விண்ணப்பம் கொடுத்துச் சான்றிட்ட நகல் வாங்குங்கள். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட பிறந்த தேதிக்கும் ஜாதகத்துக்கும் பொருந்தாதது இந்தத் தலைமுறையில் சகஜம். பாஸ்போர்ட்டில் உள்ள தேதி எதுவோ அதையொட்டிப் போங்கள், வித்தியாசம் இருந்தால் அபிடவிட்டில் ஒப்புக்கொண்டு காரணம் எழுதுங்கள்.

அபிடவிட்டை நோட்டரி வைத்திருக்கும் பழைய மாதிரியில் எழுதவிடாதீர்கள். "மேற்படி நபர் எனக்கு நன்கு தெரிந்தவர், மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை" என்று இரண்டு வரி எழுதி முத்திரை குத்துவார்கள். அதில் அதிகாரிக்கு வேண்டியது எதுவும் இல்லை. எழுதுகிறவர் யார், பிறந்தவருக்கு என்ன உறவு, அப்போது அவருக்கு என்ன வயது, பிறப்பு அவருக்கு எப்படித் தெரியும், எந்த வீட்டில், எந்தத் தேதியில், அம்மா அப்பா முழுப் பெயர் என்ன: இவ்வளவும் வேண்டும். உதாரணத்துக்கு ஒரு பெரியம்மா எழுதினால் இப்படி இருக்கலாம்: "நான் இவருடைய தாயாரின் மூத்த சகோதரி. இவர் பிறந்தபோது எனக்கு 19 வயது. திருத்தணியில் எங்கள் தாய்வீட்டில் மருத்துவச்சி பிரசவம் பார்த்தார், நான் உடன் இருந்தேன். ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் என்பதால் தேதி எனக்கு நினைவிருக்கிறது." இப்படி உயிருள்ள அபிடவிட் ஒன்று, சும்மா முத்திரை குத்திய ஐந்துக்குச் சமம். சம்பந்தப்பட்டவரைவிட இளையவர் அபிடவிட் கொடுத்தால் அதற்கு மதிப்பில்லை. பிறப்பைப் பார்த்த பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே வாங்கி வைத்துவிடுங்கள்.

போலிச் சான்று பற்றி ஒன்று மட்டும். பொய் ஆவணத்தாலோ பொய்த் தகவலாலோ விசா வாங்க முயன்றதாக அதிகாரி முடிவுசெய்தால் தடை வாழ்நாள் முழுவதுக்கும். விலக்கு கேட்கலாம், ஆனால் அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள கணவன், மனைவி அல்லது பெற்றோருக்குக் கடும் பாதிப்பு என்று காட்ட வேண்டும். மகனோ மகளோ அந்தப் பட்டியலில் இல்லை. அம்மாவைக் கூப்பிடுகிற மகனால், அம்மாவின் அந்தத் தடையை நீக்கக் காரணமாக நிற்க முடியாது.

மலைமேல் கல்யாணம், மாமன் மகள்

முருகன் கோயிலில் தாலி கட்டியவர்களிடம் தேவஸ்தான ரசீது இருக்கும். அது கல்யாணம் நடந்ததற்கு ஆதாரம், பதிவுச் சான்று ஆகாது. 2009-ம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் அந்த வருடம் நவம்பர் 24 முதல் நடக்கும் எல்லாக் கல்யாணத்துக்கும் பதிவைக் கட்டாயமாக்கியது. சார்பதிவாளர் அலுவலகத்தில் 90 நாளுக்குள் பதிவதுதான் சரி, கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாள் உண்டு. அதற்கு முந்தைய கல்யாணங்களை 1955-ம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின்கீழ் இப்போதும் பதியலாம். அப்பாவுக்கு மனுப் போடும் மகன், தன் பிறப்புச் சான்றோடு பெற்றோரின் கல்யாண ஆதாரத்தையும் காட்ட வேண்டும் என்பதால் ஐம்பது வருடம் முந்தைய கல்யாணமும் இங்கே கேள்விக்கு வரும். கல்யாணப் பத்திரிகை, கறுப்பு வெள்ளைப் போட்டோ, கோயில் ரசீது எதையும் தூக்கிப்போடாதீர்கள்.

அடுத்தது சொந்தத்தில் செய்த கல்யாணம். மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று கட்டுவது நம் பக்கத்திலும் ஆந்திரப் பக்கத்திலும் இயல்பு. தடைசெய்யப்பட்ட உறவுமுறைகளைப் பட்டியலிடும் இந்துத் திருமணச் சட்டமே, வழக்கம் அனுமதித்தால் செல்லும் என்கிறது. அமெரிக்காவிலோ ஏறக்குறைய பாதி மாநிலங்கள் மாமன் மகள், அத்தை மகள் கல்யாணத்தைத் தங்கள் எல்லைக்குள் அனுமதிப்பதில்லை. தாய்மாமன்–மருமகள் கல்யாணம் அநேகமாக எங்கேயும் இல்லை. குடியேற்றத்துறை முதலில் பார்ப்பது கல்யாணம் நடந்த இடத்தில் அது செல்லுமா என்பதை. அதோடு விடாமல், தம்பதி வாழப்போகும் மாநிலம் அதை ஏற்குமா என்றும் பார்க்கக்கூடும். 2014-ல் நியூயார்க் மாநிலத்தின் உச்ச மன்றம், வியட்நாமைச் சேர்ந்த ஒரு தம்பதியின் வழக்கில், தாயின் பாதி உடன்பிறப்பான மாமனோடு நடந்த கல்யாணம் அந்த மாநிலத்தில் செல்லும் என்றது. இன்னொரு மாநிலம் வேறு மாதிரிச் சொல்லலாம். எனவே சொந்தத்தில் மணந்தவர்கள், அழைக்கும் துணை எந்த மாநிலத்தில் இருக்கிறார் என்பதோடு லாயரைக் கேட்டுவிட்டு மனுப் போடுங்கள். உறவை மறைக்காதீர்கள். இரண்டு பக்கத் தாத்தா பாட்டி பெயர்களும் ஏதோ ஒரு காகிதத்தில் வந்து நிற்கும்.

லாயரா, ஏஜென்டா

அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் மத்தியச் சட்டம். எந்த மாநிலத்தில் பதிவுசெய்த லாயரும் உங்கள் கேஸை எடுக்கலாம். அவர் பெயரை அந்த மாநில வழக்கறிஞர் மன்ற இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். உரிமம் நடப்பில் உள்ளதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்று தெரியும். உங்களுக்காக ஆஜராகிறார் என்றால் ஜி-28 என்ற படிவத்தில் தன் கையெழுத்தும் உரிம எண்ணும் போட்டுத் தருவார். அதைப் போட மறுத்து, "நீங்களே போட்டதா இருக்கட்டும், நாங்க பின்னாடி பாத்துக்கறோம்" என்கிறவரிடம் பணம் கட்டாதீர்கள். கட்டணம், அதில் என்னென்ன வேலை அடக்கம், தூதரகக் கட்டணம் தனியா என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். ஒரிஜினல் ஆவணத்தை யாரிடமும் விட்டுவைக்கவேண்டாம்.

சென்னையில் போர்டு மாட்டியிருக்கும் கன்சல்டன்ட் படிவம் தட்டித்தரலாம், சட்ட ஆலோசனை தர அமெரிக்கச் சட்டம் அவருக்கு அனுமதி தரவில்லை. "கிரீன் கார்டு லாட்டரி" என்று பணம் வாங்குகிறவர் இருந்தால் அது நேரடி ஏமாற்று. துணை தகுதியுள்ள வேறு நாட்டில் பிறந்தவர் என்பதுபோன்ற சில விதிவிலக்குகள் தவிர, இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்தக் குலுக்கலுக்கே தகுதியில்லை. கனடாவுக்கு விண்ணப்பிப்பவர்கள் கவனிக்கவேண்டியது, காசு வாங்கிக்கொண்டு ஆஜராக அங்கே வக்கீல்களுக்கும், 2021 முதல் இயங்கும் குடியேற்ற, குடியுரிமை ஆலோசகர் கல்லூரியில் உறுப்பினராக உள்ளவர்களுக்கும்தான் உரிமை. கியூபெக் நோட்டரிகளும் செய்யலாம். ஆலோசகரின் உறுப்பினர் எண்ணைக் கல்லூரியின் பட்டியலில் சரிபார்க்கலாம்.

உடன்பிறந்தார் வரிசை

அமெரிக்கக் குடிமக்களின் அம்மா அப்பா, கணவன், மனைவி என்ற நெருங்கிய உறவுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. உடன்பிறந்தாருக்கு உண்டு: உலகம் முழுவதற்கும் வருடம் 65,000. ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பு வேறு. அதனால் 2006-ல் மனுப் போட்ட இந்தியர்களுக்கே 2025-ல்தான் முறை வந்தது. மாதாமாதம் வெளியாகும் விசா புல்லட்டினில் எஃப்4 (உடன்பிறந்தார் வகை), இந்தியா என்ற கட்டத்தைப் பாருங்கள்.

இந்த மனுவில் தம்பியோடு அவர் மனைவியும் 21 வயதுக்குட்பட்ட, மணமாகாத பிள்ளைகளும் போகலாம். இருபது வருடத்தில் பிள்ளை வளர்ந்துவிடுமே? 2002-ல் வந்த ஒரு சட்டம் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது. முறை வரும் நாளில் பிள்ளைக்கு உள்ள வயதிலிருந்து, மனு குடியேற்றத்துறையில் முடிவுக்காகக் கிடந்த காலத்தைக் கழிக்கலாம். மனு போட்டு ஐந்து வருடம் கழித்து ஒப்புதல் வந்தது, முறை வரும்போது பிள்ளைக்கு 24 என்றால், கழித்து 19. தப்பிவிட்டது. ஆனால் முறை வந்த ஒரு வருடத்துக்குள் விசாவுக்கான நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும், பிள்ளைக்குக் கல்யாணமும் ஆகியிருக்கக் கூடாது. "முறை வர்றதுக்குள்ள பொண்ணுக்கு ஒரு கல்யாணத்த முடிச்சிடலாம்" என்று அவசரப்பட்டுப் பெண்ணின் வாய்ப்பை இழந்த வீடுகள் உண்டு. இந்தக் கணக்கை லாயரிடம் போட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். லாயருக்குக் கொடுக்கும் காசுக்கு முழு மதிப்பு கிடைக்கும் இடம் இது.

அம்மா அப்பா மனுவில் இந்தச் சலுகை கிடையாது. மணமாகாத தம்பியைப் பெற்றோரோடு சேர்த்துக் கூட்டிப்போக முடியாது. அவர்கள் போய் கிரீன் கார்டு வாங்கிய பின் தனியாக மனுப் போட வேண்டும்.

மும்பை

மனு ஒப்புதலானதும் ஃபைல் நியூ ஹாம்ஷயரில் உள்ள தேசிய விசா மையத்துக்குப் போகும். கேஸ் எண் 'பிஎம்பி' என்று தொடங்கும், மும்பை இன்னும் அங்கே பம்பாய்தான். அங்கிருந்து கட்டணம்: ஆளுக்கு 325 டாலர், ஆதரவுப் பத்திரத்துக்கு 120. டிஎஸ்-260 படிவமும் ஸ்கேன் செய்த ஆவணங்களும் இணையத்தில் ஏற்ற வேண்டும். ஒரு வருடம் எந்தப் பதிலும் தராமல் விட்டால் கேஸை மூடிவிடலாம், அதனால் மின்னஞ்சல் முகவரியை மாற்றினால் தெரிவியுங்கள்.

ஆதரவுப் பத்திரம் என்பது ஐ-864. அழைக்கிறவரின் வருமானம் வறுமைக்கோட்டின் 125 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. அவர், மனைவி, இரண்டு பிள்ளை, வரப்போகும் அம்மா அப்பா என்று ஆறு பேர் என்றால், 2025 கணக்கில் வருடம் 53,937 டாலர். போதாவிட்டால் அங்கே உள்ள வேறொருவர் கூட்டாகக் கையெழுத்துப் போடலாம். திருத்தணி நிலத்தின் மதிப்பைக் காட்டிச் சமாளிக்கலாம் என்று நம்பியிருக்க வேண்டாம்.

நன்னடத்தைச் சான்று பாஸ்போர்ட் சேவா வழியாக, நமக்குச் சென்னை மண்டல அலுவலகம். வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ ஒரு வருடத்துக்கு மேல் இருந்தவர்கள் அந்த நாட்டுப் போலீஸ் சான்றும் வாங்க வேண்டும். அதுதான் அதிக நாள் இழுக்கும். மருத்துவப் பரிசோதனை தூதரகம் நியமித்த டாக்டரிடம் மட்டும், சென்னையிலேயே முடியும். பழைய காசநோய்த் தழும்பு எக்ஸ்ரேயில் தெரிந்தால் சளிப் பரிசோதனை உண்டு, கல்ச்சர் முடிவுக்கு எட்டு வாரம்கூட ஆகும். அம்மா அப்பாவுக்கு எப்போதாவது டி.பி. மருந்து கொடுத்திருந்தால் அந்தச் சீட்டுகளோடு போங்கள், மும்பைக்கு டிக்கெட்டை அதற்கப்புறம் போடுங்கள்.

நேர்காணல் பாந்திரா–குர்லா வளாகத்தில் உள்ள தூதரகத்தில். அரக்கோணத்தில் மும்பை ரயில் ஏறலாம். வயதானவர்களோடு முந்தின நாளே போய்த் தங்குவது நல்லது. லாயரை உள்ளே விடுவதில்லை. ஆவணங்களின் ஒரிஜினலும் நகலும் வேண்டும். தமிழில் பேச வேண்டும் என்றால் சொல்லலாம், தடுமாறும் ஆங்கிலத்தைவிட அதுவே பத்திரம். கேள்வி சுருக்கமாகத்தான் இருக்கும்: மகன் எங்கே இருக்கிறான், எத்தனை பிள்ளைகள், முன்பு அமெரிக்கா போனதுண்டா. 221(ஜி) என்ற சீட்டுக் கொடுத்தால் பதறாதீர்கள். அதில் கேட்ட காகிதத்தை ஒரு வருடத்துக்குள் கொடுத்தால் போதும்.

விசா ஆறு மாதம்வரை செல்லும், மருத்துவச் சான்றின் கெடு முன்னால் முடிந்தால் அதுவரை. கிளம்புமுன் இணையத்தில் 235 டாலர் குடியேற்றக் கட்டணம் கட்டினால்தான் கார்டு தபாலில் வரும்.

போகிற பெரியவர்கள் எல்லோரும் சொல்வது, "ஆடிக் கிருத்திகைக்கு வந்துட்டு, அறுவடை பாத்துட்டு, மெதுவாத் திரும்பறேன்." ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் திரும்பும்போது கேள்வி வரும், ஒரு வருடம் தாண்டினால் கார்டு உதவாது. அங்கே நிரந்தரமாக இருக்க மனமில்லாத பெற்றோருக்குச் சுற்றுலா விசாவே போதும் என்று நான் பல வீடுகளில் சொல்லியிருக்கிறேன், கேட்டவர்கள் குறைவு. குடியேறியபின் நீண்ட நாள் ஊரில் தங்கவேண்டி வந்தால் ஐ-131 போட்டு மறுநுழைவு அனுமதி வாங்கலாம், பொதுவாக இரண்டு வருடத்துக்குத் தருவார்கள். அதற்கான விண்ணப்பத்தை அமெரிக்காவில் இருக்கும்போதே போட வேண்டும், திருத்தணிக்கு வந்து இறங்கியபின் போட முடியாது.